செவ்வாய்க்கிழமை பூத்த வெனிலா

மடகாஸ்கர் பக்கமிருந்து வரும் காற்றில் தீவின் வெனிலாக் கொடிகள் அசைகின்றன. விடியலில் விரிந்த பூக்களுக்கு, வெயில் உச்சிக்கு ஏறுமுன் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் காய் பிடிக்காது. ஆனால் இன்று செவ்வாய். நிலத்தில் வேலை செய்யக்கூடாதென்பது முன்னோர் வைத்த விலக்கு. மகரந்தம் சேர்க்க எடுத்த எலுமிச்சை முள்ளும் கையுமாக வேலியோரம் நின்று பொருமுகிறாள் சுவாசாரா. “விலக்கு வெச்ச உங்க பாட்டன் வெனிலாவைக் கண்ணால பார்த்திருப்பாரா? வெள்ளைக்காரன் கப்பல்ல வந்த கொடிய்யா இது!” கிராம்பு மரத்தடியில் படுத்திருக்கும் கணவன் ஜாவு கண்ணைத் திறக்கவில்லை. “கொடி அவனோடது, மண்ணு பாட்டனோடதுடி. போறதுன்னா போ, நானா பிடிச்சு வெச்சிருக்கேன்?” “சோம்பேறிக்கு நல்ல சாக்கு!” கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பூ சுருங்கித் தலை கவிழ்கிறது. வேலிக்குக் கதவில்லை. உள்ளே வைக்கத் தூக்கிய காலை, நின்ற இடத்திலேயே திரும்ப ஊன்றுகிறாள்.