மண்டையில் தட்டினால் தேங்காய்

"பாப்பாவுக்கு என்ன வேணும்?"

முதன்முதலாகத் தனியாக மளிகைக் கடைக்கு வந்த சிறுமியிடம் கடைக்காரர் கேட்டார். பதில் இல்லை. விரல் மட்டும் வெங்காயக் கூடையைக் காட்டியது.

அதன்பின் அவர் அவளிடம் வாயால் எதுவும் கேட்டதில்லை. கையால் பேசினார். கண்ணைக் கசக்கினால் வெங்காயம். மூக்கைப் பிடித்தால் மண்ணெண்ணெய். மண்டையில் தட்டினால் தேங்காய். கூட்டம் நெரிந்தாலும், "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்பார். அப்பாவுக்கு வேலை மாற்றலாகி வேறு ஊர் போகும்வரை அந்தக் கடையில் அவள்தான் மகாராணி.

இன்றோடு கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பல வருடம் கழித்து வந்திருக்கிறாள். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தன்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்பதுதான் கவலை.

காலி ஜாடிகளுக்கு நடுவே அவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "சரக்கெல்லாம் தீந்துபோச்சேம்மா. என்ன தேடி வந்தே?"

அவள் தன் மண்டையில் தட்டிக் காட்டினாள்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். "அடியே, ஓடி வா. நம்ம பேச்சு வராத பாப்பாடி."

மனைவி ஈரக் கையோடு வந்தாள். "காது கேக்காத பொண்ணுகிட்டப் போய் எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?"

"உனக்குத்தாண்டி கத்துறேன்."

மனைவி அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்: "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆயுசு பூரா தராசைப் புடிச்சு என்னத்தக் கிழிச்சேன்னு ஒரே புலம்பல். இப்பப் பாருங்க, வாயெல்லாம் பல்லு."

"இதோ நிக்குது பாரு, நான் கிழிச்சது." அவர் அவளைக் கைகாட்டினார். "இது மனசுல நினைக்கிறது எனக்குப் புரிஞ்சுது. ஒரு கடைக்காரனுக்கு வேற என்னடி வேணும்? சோத்தை எடுத்து வை, பசிக்குது. இதுக்கும் சேத்துப் போடு."

மூவரும் சாப்பிட்டார்கள். அவர் மறுசோறு வாங்கினார்.

சிறுவயது வெட்கமெல்லாம் எப்போதோ பறந்துபோய், இப்போது நீதிபதியே "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்கம்மா" என்று கெஞ்சும் அந்த வக்கீல், அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.