எட்டு நடை

லாரிகள் வாசற்படியை உரசிக்கொண்டு போகும் தெரு அது. பிரசவத்தோடு வந்த சர்க்கரைக்கு நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கோமளவல்லி கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி எட்டு வடிவில் நடந்தாள். வருடக்கணக்காக நடந்தாள். தரையில் அந்த எட்டு வழுவழுவென்று தேய்ந்து மின்னியது. மகள் யாழினி நடை பழகியதே அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அந்த நாற்காலிகளைச் சுற்றித்தான்.

யாழினி வேலைக்குப் போய், பூங்காவுக்கு எதிரே வீடு பிடித்தாள். குடிவந்த மறுநாளே அம்மாவை அழைத்துப் போனாள். வேப்பமரங்களுக்கு நடுவே நீளமான பாதை ஆளில்லாமல் கிடந்தது. கோமளவல்லி நாலடி வைத்தாள், திரும்பினாள். மறுபடியும் நாலடி, மறுபடியும் திரும்பினாள்.

“நேரா போம்மா. எல்லாம் காலியாத்தானே கிடக்கு?”

“போகத்தான்டி பாக்குறேன். எதுக்கால என்னமோ வர்ற மாதிரியே இருக்கு.”

“இங்க ஏதும்மா லாரி?”

யாழினிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்து, விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நாலாவது அடியில் யாழினியின் கால்தான் முதலில் திரும்பியது.