பதினோராம் அளவுச் சப்பாத்து

முழங்கால் தேய்ந்து, பொல்லு ஊன்றி நடக்கிற மனுசன் ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி நடக்கிறார் என்றால் யார் நம்புவது?

அருள்மலர் ரீச்சர் நம்பவில்லை.

மல்வேர்ன் பகுதியில் அவர்கள் இருவரும் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பார்ட்டி றூமில் 'நலவாழ்வு வட்டம்' நடத்துகிறவர் அவர்தான். திங்கள் யோகா, செவ்வாய் மூச்சுப் பயிற்சி, புதன் பூச்சாடித் தோட்டம் என்று கிழமை நாளெல்லாம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒன்று நடக்கும். பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை. அவரவர் ரம்ளரை அவரவரே கொண்டுவர வேண்டும். அங்கத்தவர் எல்லோருக்கும் நடக்கிற அடிகளை எண்ணும் சின்ன மீற்றர் ஒன்று கொடுத்து, போட்டியும் வைத்திருந்தார்.

அந்தப் போட்டியில்தான் மரியோ மூன்று மாதமாக முதலாவதாக வந்துகொண்டிருந்தார். ரீச்சர் இருக்கிற அதே ஒன்பதாம் மாடிக்காரர்.

யோகாவுக்கு வரமாட்டார். சொற்பொழிவுக்கு இருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை கணக்கு வாசிக்கிற நேரம் பார்த்துப் பொல்லோடு வந்து, துண்டுக் கடதாசியை நீட்டிவிட்டு, அடுத்த லிப்டில் ஏறிவிடுவார். போன மாதம் பரிசாக நடைச் சப்பாத்துக் கொடுத்தபோது, "ஏழு வேண்டாம் ரீச்சர், பதினொண்டு இருந்தாத் தாங்கோ" என்று வெட்கமில்லாமல் கேட்டு மாற்றி வாங்கினார். அவருடைய காலோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கால் அளவுதான். யாருக்கோ விற்கப் போகிறார் என்று ரீச்சர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

போதாததற்கு, லிப்டில் கண்டால் வேண்டாத விசாரணை வேறு. "ஐயா வீட்டிலை தனியவோ, ரீச்சர்?"

ஐயா என்றது ரீச்சரின் கணவர் கிறிஸ்துநாயகத்தை. அவருக்கு ஞாபகம் மங்கத் தொடங்கி ஒரு வருடம். காலையில் புட்டும் மருந்துக் குளிசையும் கொடுத்து ரீவியைப் போட்டுவிட்டால், மத்தியானம் வரை மனுசன் கதிரையை விட்டு அசையாது என்று ரீச்சர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். தனியே விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் எங்களை நாங்கள் கவனிக்க வேண்டும் என்பதுதானே வட்டத்தின் கொள்கை.

"அவர் சுகமா இருக்கிறார். நீங்கள் உங்கடை முழங்காலைப் பாருங்கோ" என்று மரியோவின் வாயை அடைத்துவிட்டார்.

இந்த வெள்ளி ரீச்சரின் சொற்பொழிவு. தலைப்பு, 'முதுமையில் தனிமை'. அதற்கு முன் இந்தக் கள்ளத்தை வெளியில் கொண்டுவந்துவிடுவதென்று முடிவோடுதான் வந்திருந்தார்.

"மரியோ அண்ணை, உங்கடை மீற்றரை ஒருக்காக் காட்டுங்கோ."

"கொண்டுவரேல்லை. மேலை கிடக்கு."

"கிடக்குதோ, நடக்குதோ?"

சபை சிரித்தது. மரியோ பொல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நடந்தது நானில்லைத்தான். இதை உங்களோடை தனியக் கதைக்கலாமோ, ரீச்சர்?"

"களவைத் தனியக் கதைக்கிற பழக்கம் எனக்கில்லை. எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

மரியோ தன் பெயரை வெட்டிவிடச் சொன்னார். நேரமாகிறது என்றார். லிப்டை நோக்கி நொண்டிக்கொண்டு போனார்.

இந்த வயதிலும் ஒரு சப்பாத்துக்காகப் பொய் சொல்கிற சீவன்கள் என்று ரீச்சர் சபைக்கு அரை நிமிடம் உபதேசம் செய்தார். பிறகு செயலாளர் கிளடிஸைக் கூட்டிக்கொண்டு அடுத்த லிப்டில் ஏறினார். கீழே இருக்கிற சனமும் பார்க்கட்டும் என்று, போனில் வட்டத்தின் குழுவுக்கு வீடியோ அழைப்பைப் போடச் சொன்னார்.

"ஆதாரம் வேணும் பிள்ளை. என்ன நடந்தாலும் கடைசிமட்டும் நிப்பாட்டாதையும்."

ஒன்பதாம் மாடியில் லிப்ட் திறந்தது.

கொரிடோரில் மடக்குக் கதிரை ஒன்றைப் போட்டு, படிக்கட்டுக் கதவை மறித்தபடி மரியோ உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியிலிருந்து உயரமான மனுசன் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். காலில் பதினோராம் அளவுச் சப்பாத்து. சாரத்தின் இடுப்பில் மீற்றர். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, காதை வைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த கதவுக்குப் போனார்.

கிறிஸ்துநாயகம்.

மரியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கள் கீழை இறங்கின உடனை வெளிக்கிட்டிடுவார், ரீச்சர். மறிச்சா அழுறார். வெறுங்காலோடை நடந்து குதிக்கால் வெடிச்சுப்போச்சு. வட்டத்திலை இல்லாத ஆளுக்கு நீங்கள் பரிசு தரமாட்டியள். அதாலைதான் என்ரை பேரிலை குடுத்தன். மத்தியானத்திலை சப்பாத்தைக் கழட்டி வைச்சிடுவன், உங்களுக்கு வெக்கமாப் போகுமெண்டு."

கிறிஸ்துநாயகம் மனைவியைக் கண்டு நின்றார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்கையப்பா போனனீ? விடியத் தொடக்கம் உன்னைத்தான் தேடுறன்."

கடைசிமட்டும் நிப்பாட்டக் கூடாது என்று ரீச்சர் சொன்னபடியே, கிளடிஸ் போனை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.