குழாய் இல்லாத முகம்

மூக்குக் குழாயைப் பாதி அழித்திருந்தபோது திரை நடுங்கியது.

முதலில் பச்சைக் கோடுகள். பிறகு பெரியவரின் முகம் சிறு சிறு கட்டங்களாகச் சிதறியது. பிறகு கறுப்பு.

பேனர் கடைக்காரன் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“போயிருச்சுங்களா?” என்றாள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவள்.

“சேவ் பண்ணலீங்க. மறுபடி மொதல்ல இருந்து வரோணும்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபமில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

முந்தின நாள் பொழுதடையும்போது அவள் அப்பா இறந்துபோனார். காலையில் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கிய அண்ணன், அஞ்சலி பேனருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

வீட்டில் அவருடைய படங்கள் நிறைய இருந்தன. எதிலும் அவர் சிரிக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அவள் தன் போனில் எடுத்த ஒன்றில் மட்டும் சிரித்திருந்தார். மூக்கில் கஞ்சி ஊற்றும் குழாய். அது நழுவாமலிருக்கக் கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி.

“அத மட்டும் எடுத்துருங்கண்ணா.”

அவள் சொன்னது அவ்வளவுதான்.

கணினியை மறுபடி ஓட்டினான். படத்தைத் திறந்தான். குழாய் இருந்தது.

இந்த முறை குழாயில் கால்வாசிகூட அழியவில்லை. பச்சைக் கோடுகள். கட்டங்கள். கறுப்பு.

மானிட்டர் வயரைப் பிடுங்கி மாட்டினான். சரியாகவில்லை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ராம் மெமரி அட்டையை உருவி, ரப்பரால் தேய்த்துச் செருகினான். அதுவும் இல்லை. கையை உள்ளே விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தோசைக்கல் சூடு.

கடைக்கு முன்னால் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் செம்மண் முழுக்க உள்ளேதான் இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் விசிறி அசையவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். வாயால் ஊதினான். விசிறியை விரலால் சுற்றிவிட்டான். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

ஒரு மாதமாகவே அது முனகிக்கொண்டிருந்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று விட்டிருந்தான்.

“கொஞ்சம் ஆறட்டுங்க.”

“ஆறட்டுங்கண்ணா.”

அவளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் காட்டி, “இதக் கொஞ்சம் எடுத்துக்கறனுங்க” என்றான். கடையில் இருந்தது அது ஒன்றுதான். திறந்த கேபினட்டுக்கு நேராக வைத்தான்.

தகரக் கூரை. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ராத்திரில தூக்கத்துல அந்தக் குழாயப் புடுங்கிருவாருங்க” என்றாள். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. “அதனால கையப் புடிச்சுட்டே உக்காந்திருப்பேன்.”

“நீங்க எப்பங்க தூங்குவீங்க?”

“தூங்கறதுங்களா?”

தெருவைப் பார்த்தாள்.

கணினியைப் போட்டான். படம் வந்து சிதறாமல் நின்றது.

கன்னத்திலிருந்து தொடங்கினான். ஒரு கீற்று அழித்ததும் சேவ். இன்னொரு கீற்று. சேவ். இடது கன்னத்திலிருந்து கொஞ்சம் தோலை எடுத்து, பிளாஸ்திரி இருந்த இடத்தில் வைத்தான். நரைத்த தாடி மயிரை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டான். மூக்குக்கு வந்தபோது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு எட்டிப்பார்த்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். கோடு போய்விட்டது.

கடைசியாக மூக்குத் துவாரம். அதை மட்டும் மூன்று விதமாகச் செய்து பார்த்தான்.

பெரியவர் சிரித்தார். யாரோ சொன்ன எதற்கோ, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்போல.

“பாருங்க” என்று திரும்பினான்.

அவள் தூங்கியிருந்தாள்.

தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வியர்வை நெற்றியிலிருந்து காதோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த வலது கை மட்டும் விரல்களை இறுக்கி மூடியிருந்தது.

எழுப்ப வாயெடுத்தவன் எழுப்பவில்லை.

பெயரையும் தேதியையும் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தான். பிரிண்ட் கொடுத்தான். பின்னறையில் மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. அவள் அசையவில்லை. நாச்சிமுத்து என்ற பெயரும் சிரிப்பும் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தன. ஓரம் வெட்டி, மை காய விட்டு, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுச் சுவரில் சாய்த்தான்.

ஃபேனை எடுத்துவந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

மேசையில் இருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. அண்ணன் என்று காட்டியது. இரண்டாவது முறை அதிர்வதற்குள் எடுத்துவிட்டான்.

“தங்கமணி, என்ன இத்தன நேரம்? ஆச்சா இல்லியா?”

“கடைக்காரருங்க. சிஸ்டம் சூடாயி நின்னு போச்சுங்க.”

“பேனர் மெதுவா வரட்டும், சாயங்காலந்தான் எடுக்கறோம். அவள மொதல்ல அனுப்புங்க. வந்தவங்களுக்குக் காபி ஊத்திக் குடுக்க இங்க ஒரு ஆளில்ல.”

அவன் அவளைப் பார்த்தான். காற்றில் நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. மடியில் இருந்த விரல்கள் கொஞ்சம் விரிந்திருந்தன.

“அவங்க கூட இருந்து பாத்தாத்தானுங்க மொகம் சரியா வரும்” என்றான். “இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவுமுங்க.”

போனைச் சத்தமில்லாமல் மேசையில் கவிழ்த்து வைத்தான்.