வரப்பில் காய்ந்த செடிகள்

அண்ணனின் உருளைக்கிழங்கு வயலில் முதல் வரிசையிலேயே அதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விதைச் சான்று அதிகாரி உட்கார்ந்தால் ஆபத்துதான். கிழங்கு விதைக்கு ஆகாது என்று எழுதுவார். ‘விதை வயல்’ பலகையும் போய்விடும். அந்தப் பலகைக்காக அண்ணன் ஏழு வருஷம் நாயாய் அலைந்தவன்.

நான் வரப்புக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றேன். என் வயலைக் காலையிலேயே பார்த்து, சுத்தம் என்று எழுதியாகிவிட்டது.

சுருண்டிருந்த இலையை அதிகாரி திருப்பினார். அடியில் கடுகைவிடச் சின்னதாய்ப் பச்சைப் பூச்சிகள். அசுவினி. நோய்ச் செடியில் வாய்வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும், நோயும் கூடவே போகும். எங்கள் அத்தை வீடு வீடாகப் போய் வத்தி வைப்பது மாதிரி.

“அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ” என்று கேட்டுக் கேட்டே புளித்துப்போன காது என்னுடையது. அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது.

அதிகாரி வரப்புக்கு வந்தார். காய்ந்து கிடந்த செடிக் குவியலைக் காலால் புரட்டினார்.

“நோய்ச் செடியப் பிடுங்கி இங்க போட்டது யாரு? வாடுற செடியில பூச்சி உக்காந்திருக்குமா? பக்கத்துல பச்சையா இருக்கறதுக்குத் தாவிடும்ல?”

நான் குவியலைப் பார்க்காமல் என் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நான்தான் சார். புத்தியில்லாம போட்டுட்டேன்” என்றான் அண்ணன்.

அதிகாரி எழுதினார். பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் அண்ணன் வயலில் ஒரு நோய்ச் செடிகூட இல்லை.

அந்த ஒன்பது செடியும் என்னுடையவை. போன மாதம் அதிகாரி முதல் தடவை வயல் பார்க்க வருவதற்கு முந்தின நாள், யாருக்கும் தெரியாமல் பிடுங்கினேன். சாக்கு எடுத்து வரச் சோம்பல். வரப்பில் வீசினேன், அவன் பக்கமாக.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அண்ணனையல்லவா சுட்டது!

ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பாவி, அதுகூடச் செய்யவில்லை. பலகை நின்ற குழியைக் காலால் மண் தள்ளி மூடினான். கொட்டகைக்குப் போய் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

“அடுத்த தடவ இதுல கட்டிடுடா.”