திங்கட்கிழமை முதல்

"வேற நாட்டுல நூறு பேரைக் கொன்னவன் இங்க வந்து குடியிருந்தா பிடிக்கலாமாம். சுத்திப் பார்க்க வந்தா டாட்டா காட்டி அனுப்பணுமாம். இதெல்லாம் ஒரு சட்டமா?"

மேலதிகாரி கொதித்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டையை அடைக்கப் புதுச் சட்டம் எழுதியவள் எதிரே பாதிக் கனவில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம், போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

"'இங்கே குடியிருப்போர்'னு இருந்ததை, 'இந்த மண்ணில் இருக்கும் எவரும்'னு மாத்திட்டேன் சார். குற்றம் எங்க, எப்ப செஞ்சிருந்தாலும் சரி."

"பிரமாதம்! ஆனா ஏன் திங்கட்கிழமையிலேர்ந்து? நாளைக்கே அமலுக்குக் கொண்டுவரலாமே?"

"அச்சாகி வரணுமே சார்..."

நம்பிவிட்டார். பத்து வருஷத்தில் ஒரு கமாவைக்கூடத் தப்பாகப் போடாதவள் ஆயிற்றே!

வீட்டில் அப்பா பயணத்துக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தவர். ஞாயிறு காலை விமானம். அவர் நாட்டுக்குப் போய்விட்டால் அவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

ராணுவத்தில் இருந்தபோது, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கச் சொன்னவர் அவர். அம்மா சாகும் முன் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தனக்குத் தெரியும் என்று மகள் இதுவரை காட்டிக்கொண்டதில்லை. பாசம் பொல்லாதது.

எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். வாயில் இடறினால் கோர்ட்டிலும் இடறும் என்பாள். அப்போதெல்லாம் அப்பா ஜன்னலோர நாற்காலியில் கண்மூடிக் கிடப்பார். திரைச்சீலை அவர் முகத்தைத் தடவித் தடவிப் போகும். தூங்குகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிடணும். என்ன இது, இத்தனூண்டு பை? பெரிய பெட்டி எங்கே?"

"ரெண்டு சட்டை, கண்ணாடி, மாத்திரை. இது போதும்மா. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். திங்கட்கிழமை என்னைப் போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுடறியா?"

"ஏன்ப்பா?"

"அந்தப் பிள்ளைங்க கனவுல வந்து கதவைத் தட்டாத நாளே இல்லம்மா. நீ படிச்சதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கே."

பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

"ஞாயித்துக்கிழமைன்னு ஒரே ஒரு ஓட்டையை மட்டும் எனக்காக விட்டுவெச்சிருந்தே. அதை நான் அடைச்சுட்டேன்."