ரப்பர் விதையும் கூழாங்கல்லும்

பிறக்கப் போகும் பிள்ளையின் உதடு எப்படி இருக்குமென்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்து மத்தியானம். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நான் மருந்து கொடுக்கும் கொட்டகை வாசலில் அழகேசன் குந்தியிருக்கிறான். பிறவியிலேயே அவனுக்கு மேலுதடு பிளந்திருக்கிறது; பிள்ளைக்கும் அப்படி ஆகுமோ என்ற பயத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை. நிறைமாத மனைவி நவமணி தூணில் சாய்ந்து நிற்கிறாள். அவன் குடும்பத்தில் பிளவு உள்ளவருக்கு ஒரு ரப்பர் விதை, இல்லாதவருக்கு ஒரு கூழாங்கல் என்று நான் தரையில் அடுக்குகிறேன். மூன்று விதை, நான்கு கல். இலை நிழல் அவற்றின்மேல் ஆடுகிறது. "பாதிக்குப் பாதிலா, ஐயா," என்று முனகுகிறான். "லயத்து வீடுகள்ல மிஞ்சுனவங்கள மட்டும் எண்ணுனா ஆச்சா? ஜப்பான்காரன் சயாம் ரயிலு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனவங்கல்லாம் ஒங்க சொந்தம் இல்லியா?" என்கிறாள் நவமணி. அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் கல் வைக்கிறேன். அண்ணன், தம்பி, சித்தப்பாமார், அவர்கள் மகன்கள் என்று பதினொரு பேர். ஒருவருக்கும் பிளவில்லை. "பதினெட்டுல மூணுதான், அழகேசா." அவன் மூச்சு விடுகிறான். "இப்பவாச்சும் சோறு எறங்குமா?" என்கிறாள். "சோறு எங்கடி இருக்கு, மரவள்ளிதான்," என்று பிளந்த உதட்டோடு சிரிக்கிறான்.

மறுநாள் காலை பெண் பிறந்தது. உதட்டில் பிளவில்லை. அழகேசன் இன்னொரு கல் கொண்டுவந்து வைத்தான்.